கோபுரம் ஏறிய அம்மாவுக்கு

அம்மா,

போன சனிக்கிழமை ஒக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹிப் பக்கம் போய் வந்தோம். தெருவோரத் தோட்டக் கடையில் அன்று காலை பிடுங்கிய பீட்ரூட் இருந்தது, மண்ணும் இலையும் ஒட்டியபடி. வீட்டுக்கு வந்ததும் கழுவி, பெரிய பானையில் தோலோடு அவியப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க அந்த மணம் ஏறிவிட்டது. இனிப்பும் ஈரமண்ணும் கலந்த மணம். மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "சேறு அவிக்கிறீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு யன்னலைத் திறந்தாள். நான் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். சீனி ஆலை ஓடுகிற மாதங்களில் எங்கள் இங்கிலாந்துக் கிராமத்தின் மேல் கிடந்த மணம் அது. கொடியில் போட்ட உடுப்பை உள்ளே எடுத்து முகர்ந்து பார்த்து, "இஞ்ச வெயிலும் இல்லை, வாற காத்தும் கிழங்கு மணக்குது" என்று நீங்கள் சலித்துக்கொண்ட மணம்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு குளிர்காலம் கடந்துவிட்டது. உங்களோடு கதைக்காமல் இருக்க எனக்கு இன்னும் பழகவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

"யாழ்ப்பாணத்தில எவடம்?" என்று இங்கே புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்கும்போது நான் தடுமாறுவது உங்களுக்குத் தெரியும். பிறந்தது அங்கே. ஆனால் எனக்கு நினைவு தெரிந்த வாழ்க்கை தொடங்குவது இங்கிலாந்தில், நோர்போக்கின் ஒரு மூலையில், பெயரைச் சொன்னால் இங்கிலாந்துக்காரருக்கே தெரியாத ஒரு கிராமத்தில். அப்பா இலங்கையில் கரும்பு ஆலையில் இரசாயனவியலாளராக இருந்தவர். அங்கே கரும்பு, இங்கே பீட்ரூட் இனத்து வெள்ளைக் கிழங்கு. கடைசியில் வருவது ஒரே சீனிதானே என்று சொல்லித்தான் உங்களையும் என்னையும் கூட்டி வந்தார்.

எங்களுக்குக் கிடைத்த வீடு தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பகுதியில் பல தேவாலயங்கள் ஊரைவிட்டுத் தள்ளி வயலுக்குள் தனியே நிற்கும். எங்களுடையதும் அப்படித்தான். கடை, பள்ளிக்கூடம், மதுக்கடை எல்லாம் வயல்களுக்கு அப்பால். இந்தப் பக்கம் கல்லால் கட்டிய சதுரக் கோபுரம், கல்லறைகள், பிறகு நாங்கள். அப்பா விடியற்காலையில் ஆலைக்குப் போவார். நான் பள்ளிக்கூடம் போவேன். யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்த நீங்கள், அந்த வீட்டில் தனியே இருப்பீர்கள். அந்த முதல் வருடம் நான் திரும்பி வரும்போதெல்லாம் நீங்கள் கதவடியில் நின்றீர்கள். என்னைத் தேடி நிற்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு முதல் முறையாக வாய் திறந்து தமிழில் ஒரு சொல் சொல்ல ஆள் வருகிறதே என்றுதான் நின்றீர்கள் என்பது, எனக்கென்று ஒரு பிள்ளை பிறந்து இந்த ஒக்லாந்தில் நான் தனியே வீட்டில் இருந்தபோதுதான் விளங்கியது.

செவ்வாய்க்கிழமைகளில் பின்னேரம் கோபுரத்தில் மணி பழகுவார்கள். ஆறு மணிகள், ஆறு கயிறுகள், கயிற்றுக்கு ஒரு ஆள். எனக்கு அது வெறும் சத்தம். நீங்களோ வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு, கத்தியும் கையுமாக யன்னலடியில் நிற்பீர்கள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, வடிவாக் கேள். இது பாட்டில்லை. ஒவ்வொரு சுத்திலயும் ரெண்டு மணி இடம் மாறுது. ஒருக்கா வந்த ஒழுங்கு திரும்ப வரேல்லை" என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த நாட்டில் நான் அதுவரை கண்டதில்லை.

அடுத்த வாரம் கடையில் பன்றிப் பண்ணைக்காரர் ரொன் பாண் வாங்கிக்கொண்டு நின்றார். மணியடிக்கிறவர்களுக்கு அவர்தான் தலைவர். பெரிய உடம்பு, சிவந்த கழுத்து, எப்போதும் சேற்றுச் சப்பாத்து. நான் உங்கள் கையைப் பிடித்திருந்தேன். நீங்கள் என் விரல்களை இறுக்கினீர்கள். புத்தகத்தில் படித்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டீர்கள்:

"ஐயா, மன்னிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மணிகள் மாறுகிற அந்த ஒழுங்கை யார் தீர்மானிக்கிறார்கள்?"

ரொன் பாணைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்தார். "அதை நீ கீழேயிருந்தே கண்டுபிடிச்சியா?"

"எனக்குக் கணிதம் பிடிக்கும்."

"எனக்கு நல்ல முழங்கால் உள்ள ஆள் வேணும்," என்றார் ரொன். "அஞ்சு பேரோட ஆறு மணி அடிச்சுக்கொண்டிருக்கிறன். செவ்வாய்க்கிழமை வா."

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அப்பா கரண்டியைக் கீழே வைத்தது நினைவிருக்கிறதா?

"இஞ்சாரும், நாங்கள் சைவ ஆக்கள். அவையின்ர கோயிலில கயிறிழுக்க உமக்கென்ன தேவை? ஊரில கேள்விப்பட்டா என்ன சொல்லுவினம்?"

"ஊர் இஞ்ச இல்லையே," என்றீர்கள் நீங்கள். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்கள் ஆலைக்குப் போனா நூறு பேர். பிள்ளை பள்ளிக்கூடம் போனா வகுப்பு நிறையப் பிள்ளையள். எனக்கு இந்தச் சுவர்தான். கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் நான் ஆரோடையாவது கதைக்கோணும்."

அப்பா கரண்டியைத் திரும்ப எடுத்தார். ஓம் என்று சொல்லவில்லை. நீங்கள் செவ்வாய்க்கிழமை போனீர்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அந்தக் கல் படிகள் சுழன்று சுழன்று மேலே போகும். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் சுவரில் இருந்த கயிற்றைப் பிடித்து ஏறினீர்கள். மேலே போனதும் ரொன் உங்கள் சேலைத் தலைப்பைத்தான் முதலில் பார்த்தார். "இது கயிற்றில் சுத்தினா, மணி உன்னையும் கொண்டு கூரைக்குப் போயிடும்" என்றார். அவர் பகிடி விடவில்லை. மணி முழு வட்டமாகச் சுழன்று வரும்போது கயிறு ஒரு பாம்புபோல மேலே பாயும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நீங்கள் அப்பாவின் பழைய காற்சட்டையைப் போட்டு, இடுப்பில் அவருடைய பெல்ட்டால் இறுக்கிக்கொண்டு வீட்டு மாடிப்படியிறங்கி வந்தீர்கள். அப்பா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கக்கூடாது என்று பிடித்துப் பார்த்தார். முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். "உமக்கு என்னைவிட வடிவா இருக்கு" என்றார். அந்த வீட்டில் நீங்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்தக் கிராமத்தில் எல்லாருக்கும் அது பிடித்துவிடவில்லை. கிறிஸ்தவர் இல்லாத ஒருவர் தேவாலய மணியைத் தொடலாமா என்று யாரோ பாதிரியாரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். மெலிந்த, வெட்கப்படுகிற மனிதர். நீங்கள் உழுந்து வடை சுட்டு வைத்தீர்கள். அவர் ஒன்றைத் தின்றார், இரண்டாவதைத் தின்றார், வந்த விஷயத்தை எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் மூன்றாவதையும் எடுத்தார். கடைசியில், "கோபுரத்தில் உங்களுக்கு ஏதாவது சங்கடம் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு," என்றீர்கள். "படி மிகவும் செங்குத்து. ஒரு விளக்குப் போட்டால் நல்லது."

அவர் மூன்றாவது வடையையும் தின்று முடித்தார். பிறகு தலையாட்டினார். அடுத்த மாதம் படியில் விளக்கு வந்தது. வேறு பேச்சு எதுவும் எங்கள் காதுக்கு வரவில்லை.

மணியடிக்கப் பழகுவது சுலபமில்லை. உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. கறித் தூள் பட்டால் எரியும் என்று சோற்றைக் கரண்டியால் பிசைந்தீர்கள். மணி எப்போது திரும்புகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கயிற்றில் கை வைத்து உணர வேண்டும். உங்களுக்கு மாறுகிற ஒழுங்கு மற்றவர்களைவிட விரைவில் மனப்பாடமானது. கைதான் பிந்தியது. ரொன் கத்துவார். ரொனின் மனைவி ஜீன் மூன்றாவது மணியின் கயிற்றடியிலிருந்து ரொனைப் பார்த்துத் திரும்பக் கத்துவார். முடிந்ததும் எல்லாரும் மதுக்கடைக்குப் போவார்கள். நீங்கள் தோடம்பழச் சாறு குடிப்பீர்கள். நான் சிப்ஸ் தின்பேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் நீங்கள் கதைத்துக்கொண்டே வருவீர்கள். ஜீனின் மகளுக்குக் கலியாணம், ரொனின் பன்றிக்குக் காய்ச்சல், யாருடைய கூரை ஒழுகுகிறது என்று. உங்களுக்கு ஒரு ஊர் கிடைத்துக்கொண்டிருந்தது. உங்கள் வழியாக எனக்கும்.

அந்தப் பனியைப் பற்றி நாம் இருவரும் அதிகம் கதைத்ததில்லை. அப்பா இருக்கும்வரை அவர் கதையை மாற்றிவிடுவார். இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நாள் முழுக்கப் பனி கொட்டி, காற்று அதை வாரிக்கொண்டு வந்து வயல் வேலிகளை மூடிவிட்டது. மறுநாள் விடியும் நேரம் நீங்கள் என்னை எழுப்பினீர்கள். அப்பா கதிரையில் இருந்தார். முகம் சாம்பல் நிறம். வேர்வை. வலது கையால் நெஞ்சை அமத்திப் பிடித்திருந்தார். நீங்கள் தொலைபேசியை எடுத்தீர்கள், வைத்தீர்கள், திரும்ப எடுத்தீர்கள். அதில் ஒரு சத்தமும் இல்லை. கம்பி அறுந்திருந்தது. யன்னலால் பார்த்தால் ஊருக்குப் போகிற பாதையையே காணவில்லை. வேலி உயரத்துக்குப் பனி. ஊர் விளக்குகள் தூரத்தில் தெரிந்தன. கத்தினால் கேட்காது. நடந்தால் பாதி வழியில் புதைந்துவிடுவோம்.

நீங்கள் கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்தீர்கள். பிறகு அப்பாவின் பெரிய கோட்டைப் போட்டு, நிலக்கரி அள்ளும் சவளை எடுத்துக்கொண்டீர்கள்.

"அப்பான்ர கையைப் பிடிச்சுக்கொண்டிரு. விடாதை. கதைச்சுக்கொண்டிரு."

"என்னத்தைக் கதைக்கிறது அம்மா?"

"வாய்ப்பாடு சொல்லு. அப்பாவையும் சொல்லச் சொல்லு."

கதவைத் திறந்ததும் குளிர் வீட்டுக்குள் விழுந்தது. நீங்கள் போய்விட்டீர்கள். நான் ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன். அப்பா உதட்டை அசைத்தார். எட்டாம் வாய்ப்பாடு சொன்னேன். வெளியே எதுவும் கேட்கவில்லை. கோபுரக் கதவை மூடியிருந்த பனியை நீங்கள் சவளால் வெட்டிக்கொண்டிருந்தீர்கள் என்பதும், உள்ளே நுழைந்து படியேறும்போது கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன என்பதும் பிறகுதான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், நீங்கள் வரவில்லை, அப்பாவின் கை குளிர்ந்துகொண்டு போகிறது என்பதுதான்.

பிறகு மணி கேட்டது. ஆறாவது மணி, எல்லாவற்றிலும் பெரியது. ஒழுங்கில்லாமல், தட்டுத் தடுமாறி, ஒன்று, பிறகு இடைவெளி, பிறகு இரண்டு அடுத்தடுத்து.

அப்பா கண்ணைத் திறந்தார். "அது கொம்மா," என்றார்.

"ஓம் அப்பா."

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. "வடிவா அடிக்கிறா," என்றார்.

அந்த நேரத்தில் மணி கேட்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. அதனால்தான் ஊர் கேட்டது. ரொன் கட்டிலில் எழும்பியிருந்து ஜீனிடம், "இவ்வளவு மோசமா அந்த மணியை அடிக்கக்கூடியது ஒரே ஒரு ஆள்தான். அங்க ஏதோ நடந்திட்டுது" என்று சொன்னாராம். டிராக்டரை எடுத்தார். மணியடிக்கிற மற்றவர்கள் மண்வெட்டிகளோடு முன்னால் நடந்து பனியை வெட்ட, அவர் பின்னால் ஓட்டி வந்தார். ஜீன் டிராக்டர்ப் பெட்டியில் வைக்கோல் பரப்பிப் போர்வைகள் கொண்டு வந்திருந்தார். அப்பாவைக் கதிரையோடு தூக்கினார்கள். தூக்கியவர்களில் பாதிரியாரும் ஒருவர். மண்வெட்டி பிடித்துக் கையெல்லாம் சிவந்திருந்தது. நீங்கள் அப்போதும் மணியை நிறுத்தவில்லை. யாரோ ஓடிப்போய், "போதும், வந்திட்டோம்" என்று சொன்ன பிறகுதான் கயிற்றை விட்டீர்கள்.

பெருவீதியில் பனி தள்ளும் வண்டியோடு நின்ற பொலிஸ்காரர் தன் வானொலியில் அம்புலன்ஸைக் கூப்பிட்டார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று வைத்தியர் தொடங்கினார்; நீங்கள் அவரை முடிக்க விடவில்லை. "பிந்தேல்லைத்தானே?" என்றீர்கள் தமிழில். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அப்பா திரும்பி வந்தபின் மெலிந்து, மெதுவாக நடந்தார். ரொன் பார்க்க வந்தார். அப்பா எழும்ப முயன்றார். ரொன் அவர் தோளில் கை வைத்து இருத்தினார். இருவருக்கும் கதைக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. கிழங்கு விளைச்சலைப் பற்றிக் கதைத்தார்கள். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை நீங்கள் கோட்டைப் போடும்போது அப்பா அடுக்களையிலிருந்து கேட்டார்: "இஞ்சாரும், இரவைக்குப் புட்டோ இடியப்பமோ? நான் மாக் குழைக்கிறன். ஆறுதலா வாரும்." அதற்கு முன் அவர் தேத்தண்ணி கூடப் போட்டுக் குடித்ததில்லை. அன்று அவர் அவித்த புட்டு கல்லாக இருந்தது. நாம் மூவரும் கடைசிக் கட்டிவரைக்கும் தின்றோம்.

அதன்பிறகு அப்பா எத்தனையோ வருடங்கள் இருந்தார். நான் பல்கலைக்கழகம் போனதைப் பார்த்தார். என் கலியாணத்தில் தாரை வார்த்துக் கொடுத்தார். நாங்கள் நியூசிலாந்து வெளிக்கிட்டபோது விமான நிலையத்தில் என் தலையில் கை வைத்தார். அவர் கடைசியாகக் கண்மூடியபோது நானும் பறந்து வந்தேன்; சைவ முறைப்படி எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்த நேரம், கோபுரத்தில், துக்கத்துக்கு அடிக்கும் முறையில், மணி நாக்குகளின் ஒரு பக்கத்துக்குத் தோல் கட்டி அடித்தார்கள். ஒரு சுற்று உரத்து, மறு சுற்று தூரத்திலிருந்து வருவதுபோல. யாரும் கேட்டு அடிக்கவில்லை. நீங்கள் முற்றத்தில் நின்று முழுவதையும் கேட்டீர்கள். "நல்லா அடிச்சினம்," என்று மட்டும் சொன்னீர்கள்.

பிறகு நீங்கள் எங்களோடு ஒக்லாந்தின் தெற்கு ஓரத்துத் தகனினிக்கு வந்தீர்கள். புதிய வீடுகள், ஒரே மாதிரிக் கதவுகள், நானும் என் கணவரும் மோட்டர்வேயில் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்கச் சத்தமில்லாத தெரு. எனக்குப் பயமாக இருந்தது. திரும்பவும் உங்களுக்குச் சுவர்தானோ என்று. நீங்கள் வந்து இரண்டாம் கிழமையே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருந்தீர்கள். மதுரையிலிருந்து வந்த கவிதா, கைக்குழந்தையோடு தனியே இருந்தாள். நான் வேலையால் வர அவள் எங்கள் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை உங்கள் மடியில். "பாவம், பிள்ளை நித்திரை கொண்டு எத்தினை நாளோ. சத்தம் போடாதை" என்று என்னை அதட்டினீர்கள்.

நகரத்துத் தேவாலயம் ஒன்றிலும் அதே முறையில் மணி அடிக்கிறார்கள் என்று அறிந்து உங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் கூட்டிப் போனேன். முழங்கால் படியேற விடவில்லை. வெளியே வாங்கில் இருந்து கேட்டீர்கள். அடித்து முடித்து இறங்கி வந்தவர்களிடம் நீங்களே போய்க் கதைத்தீர்கள். அதற்கு அடுத்த மாதம் அவர்களில் இரண்டு பேர் கைமணிகளோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். படி ஏற முடியாதவர்கள் கதிரையில் இருந்தே கைக்கு ஒன்றாக அடிக்கும் சின்ன மணிகள். நீங்கள் தலை ஆட்டாமல், கண் மூடி, ஒரு பிழையும் விடாமல் அடித்தீர்கள். கவிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, என்ன விசேஷம்? பூஜையா? சொல்லவே இல்ல!"

"பூசை இல்லை பிள்ளை, கணக்கு," என்றீர்கள். "வந்து இரும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"கணக்கா! எனக்கு அதுதான் வராதே ஆன்ட்டி," என்று சொல்லிக்கொண்டே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று எங்கள் முன்னறையில் இங்கிலாந்துக்காரர் ஒருவர், இங்கே பிறந்த கிழவர் ஒருவர், மதுரைக்காரி ஒருத்தி, யாழ்ப்பாணத்து நீங்கள். எல்லாருக்கும் வடை.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்து ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் இருந்தேன். சொல்லத் தொடங்கினால் நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தக் கடையில், என் விரல்களை இறுக்கிப் பிடித்தபடி, முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் நீங்கள் வாய் திறந்திராவிட்டால் எனக்கு அப்பா இல்லை. சிறுவயதுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த அப்பா முழுவதும் நீங்கள் தந்தது. துணிச்சல் என்று பெரிய சொல்லால் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். உங்களுக்குத் தனிமையாக இருந்தது, நீங்கள் போய்க் கேட்டீர்கள். அவ்வளவுதான்.

நீங்கள் போனபின் வீடு எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஒனிஹங்காவில், மனுக்காவ் குடாவின் நீரில், பெண்கள் குழுவாகத் துடுப்புப் போடும் நீண்ட படகுகள் போவதை வேலைக்குப் போகும் வழியில் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். போன மாதம் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன். இந்த வயதில், சரியாக நீந்தவும் தெரியாமல். கரையில் நின்ற, இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண்மணி என்னைவிட மூத்தவர். சேரலாமா என்று கேட்டேன். உயிர்காப்பு அங்கியைக் கையில் தந்தார்.

படகில் ஏறமுன் புதிதாக வந்தவர் தன்னை அறிமுகப்படுத்துவது அவர்கள் வழக்கம். முதலில் உன் மலை எது, உன் ஆறு எது, உன் ஆட்கள் யார். கடைசியில்தான் உன் பெயர். நான் விழித்தேன். யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, ஆறென்று சொல்ல ஒன்றும் இல்லை. நான் வளர்ந்த இடமும் தட்டை. தகனினியில் மலையளவு வீட்டுக் கடன்தான் இருக்கிறது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"பரவாயில்லை," என்றார் அந்தப் பெண்மணி. "ஆட்களிலிருந்து தொடங்கு."

தண்ணீர் முழங்கால்வரை குளிர்ந்தது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உங்கள் பெயரைச் சொன்னேன், அம்மா. பிறகு அப்பாவின் பெயரை. என் பெயருக்கு வருமுன்னரே அவர்கள் படகில் நகர்ந்து எனக்கு இடம் விட்டுவிட்டார்கள்.